ஒன்பது ஆண்டு மௌனத்துக்குப் பின்

பதினான்கு நாட்கள் ஒரு சொல்லும் பேசக் கூடாது என்று மருத்துவர் சொன்னபோது, சரி என்று வாயைத் திறக்கப் போய் நிறுத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினோம். 2023 ஜனவரியில் நடந்தது இது. குரல்நாணில் ஒரு சிறு கட்டி. இருபதாண்டுக் காலம் ஒலிபெருக்கி இல்லாத வகுப்பறைகளில், கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று தொண்டையைத் திறந்து பேசியதற்குக் கிடைத்த கூலி அது என்றுதான் மருத்துவரும் கருதினார். ஆயினும் அறுத்து எடுத்ததைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். முடிவு வர எட்டு நாட்களாகும் என்றார். அந்த எட்டு நாட்கள் என்ற சொல்லில் அவர் சொல்லாமல் விட்டது என்ன என்பது நமக்கும் விளங்கியது, உடன் வந்திருந்த துணைவியாருக்கும் விளங்கியது. வரும் வழியில் இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. ஒருவருக்குப் பேசத் தடை. மற்றவருக்குப் பேச விருப்பமில்லை.

தமிழாசிரியன் ஒருவனுக்குக் குரல் போவது என்பது தச்சனுக்குக் கை போவது போல. எழுத்து ஒலியாகப் பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் பிறப்பியலில் சொல்கிறார். உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பின் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தாகிறது. ஆண்டுதோறும் இதை நடத்தியிருக்கிறோம். தலை, மிடறு, நெஞ்சு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவது நம் வழக்கம். மாணவர்கள் சிரிப்பார்கள். மிடறு என்பது உண்மையில் தொண்டைக்குள் இருக்கும் ஓர் உறுப்பு என்பதும், அதைப் பிழைபட வைத்துவிட்டால் நூற்பா முழுவதும் பொய்த்துப் போகும் என்பதும் அந்த ஜனவரியில்தான் உறைத்தது.

மூன்றாம் நாள் மேசை இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தபோது ஒரு பழைய குறுந்தகடு கைக்கு வந்தது. மேலே பேனாவால் எழுதியிருந்த எழுத்து, முதுகலை பயின்ற நாட்களில் விடுதியில் நம் அறையில் இருந்த இயற்பியல் மாணவருடையது. சங்க இலக்கியத்தை உரத்துப் படிக்கும் நமக்கும், காதைக் கிழிக்கும் மேற்கத்திய இசையை உரத்துக் கேட்கும் அவருக்கும் இடையே முதல் ஆறு மாதம் போர். பிறகு எப்படியோ ஒரு சமாதானம். இரண்டாம் ஆண்டின் முடிவில் அவருடைய இசையைப் பற்றி அவரைவிட நாம் அதிகம் பேசுபவராகியிருந்தோம். படிப்பு முடிந்து சில ஆண்டுகள் கழித்து, 2008இல், அவர் இந்தத் தகட்டை அஞ்சலில் அனுப்பிவைத்தார். டெஸ்டமென்ட் என்னும் அமெரிக்கக் குழுவின் 'தி ஃபார்மேஷன் ஆஃப் டாம்னேஷன்' என்ற தொகுப்பு அது. கேட்டின் உருவாக்கம் என்று ஏறத்தாழப் பொருள் கொள்ளலாம்.

தகட்டைச் சுழலவிடும் கருவி இப்போது வீட்டில் இல்லை. அதே பாடல்களைக் கைபேசியில் தேடி எடுத்துக் காதணி ஒலிவாங்கியோடு அமர்ந்தோம். "தொண்டையில அறுவை செஞ்சுக்கிட்டு இந்தப் பேய்க்கூச்சலையா கேக்கறீங்க?" என்றார் துணைவியார். மறுமொழி சொல்லும் வாய்ப்பு இல்லாததால் அந்த விவாதத்தில் அவரே வென்றார்.

*

இந்தப் பக்கத்தின் வாசகர்களில் பலருக்கு இவ்விசை அன்னியமாக இருக்கும் என்பதால் சிறிது விளக்கம் தேவை. ஹெவி மெட்டல் என்ற பெரு வகையின் ஒரு கிளை த்ராஷ் மெட்டல். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருக்கொண்டது. பிரிட்டனின் மெட்டல் குழுக்களிடமிருந்து கட்டமைப்பையும், பங்க் இசையிடமிருந்து வேகத்தையும் சினத்தையும் எடுத்துக்கொண்டது. கிதார் கலைஞர் வலக்கையின் விளிம்பால் தந்திகளை அரைகுறையாக அழுத்தியபடியே மிக விரைவாக மீட்டுவார். நாதம் நீளாமல் ஒவ்வொரு அடியும் கல்லில் உளி விழுவது போல் அறுந்து விழும். டிரம்ஸ் கலைஞர் இரு கால்களாலும் மாறி மாறிப் பெருமுரசை மிதித்து உருட்டுவார்.

தொல்காப்பியர் செய்யுளியலில் வண்ணங்கள் இருபது என்கிறார். அவற்றுள் வல்லிசை வண்ணம், உருட்டு வண்ணம், முடுகு வண்ணம் என்னும் மூன்றையும் ஒரே பாட்டில் பெய்து மின்சாரத்தை இணைத்தால் என்ன கிடைக்குமோ அதுதான் த்ராஷ் என்று விடுதி அறையில் நண்பருக்குச் சொல்லியிருக்கிறோம். அவர் அதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டார்.

இவ்விசையின் தாய்மண் என்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றியுள்ள ஊர்களைச் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் தோன்றிய மெட்டாலிகா 1983இல் அங்கேதான் குடிபெயர்ந்தது. எக்ஸோடஸ் அதற்கும் முன்பிருந்தே அங்கே இயங்கியது. பெர்க்லி நகரில் 'ரூத்தீஸ் இன்' என்றொரு சிறு விடுதி இவர்களுடைய களம். மெட்டாலிகா, ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் ஆகிய நான்கையும் பெருநால்வர் என்பர். டெஸ்டமென்ட் அந்த நால்வரில் சேராதது. ஐந்தாவது இடம் யாருக்கு என்ற வழக்கில் மட்டும் அதன் பெயர் தவறாமல் அடிபடும். முதல் வரிசைக்கு ஓரடி பின்னால் ஆயுள் முழுதும் நிற்க நேர்ந்தவர்களிடம் நமக்கு எப்போதும் ஒரு பரிவு உண்டு.

குழு 1983இல் பெர்க்லியில் 'லெகசி' என்ற பெயரில் தொடங்கியது. எரிக் பீட்டர்சன் கிதார். உடன் அலெக்ஸ் ஸ்கோல்னிக் என்ற பள்ளிச் சிறுவர் வந்து சேர்ந்தார். ஜோ சாட்ரியானியிடம் கிதார் பயின்றவர் அவர். பாடியவர் ஸ்டீவ் சௌசா. இங்கே குரல்கள் கைமாறிய ஒரு கதை உண்டு. எக்ஸோடஸ் குழு தன் முதல் தொகுப்புக்குப் பின் பாடகர் பால் பேலாஃபை நீக்கிவிட்டது. அந்த இடத்துக்கு லெகசியிலிருந்து சௌசா போனார். போகும்போது தம் இடத்துக்கு ஒருவரைச் சொல்லிவிட்டுப் போனார். அவர்தான் சக் பில்லி. தந்தை வழியில் கலிஃபோர்னியாவின் போமோ என்னும் தொல்குடியைச் சேர்ந்தவர். நெடிய, பருத்த உருவம். அதே பெயரில் வேறொரு குழு இருந்தமையால் லெகசி தன் பெயரை டெஸ்டமென்ட் என்று மாற்றிக்கொண்டு, பழைய பெயரை 1987இல் வெளிவந்த முதல் தொகுப்புக்குத் தலைப்பாக வைத்தது.

1988, 1989, 1990 என ஆண்டுக்கொரு தொகுப்பு. 1991இல் மெட்டாலிகா வேகத்தைக் குறைத்துப் பெருவெற்றி கண்டது. அதே ஆண்டில் சியாட்டில் நகரத்துக் குழுக்கள் வேறொரு சுவையைக் கொண்டுவந்தன. த்ராஷ் ஒரே பருவத்தில் பழையதாகிவிட்டது. டெஸ்டமென்டும் 1992இல் 'தி ரிச்சுவல்' தொகுப்பில் நடையைத் தளர்த்திப் பார்த்தது. அதே ஆண்டு ஸ்கோல்னிக் விலகினார். டிரம்ஸ் கலைஞர் லூயி கிளெமென்டும் விலகினார். 1996இல் பேஸ் கிதார் கலைஞர் கிரெக் கிறிஸ்டியனும் போனார். எஞ்சியவர்கள் பில்லியும் பீட்டர்சனும் மட்டுமே.

அவ்விருவரும் விடவில்லை. வெவ்வேறு கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு 1994, 1997, 1999 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுப்புகள் தந்தனர். சந்தை சுருங்கச் சுருங்க இசை கடுமையாயிற்று. பில்லி தம் இயல்பான பாடுகுரலை ஓரங்கட்டி, அடிநெஞ்சிலிருந்து எழும் உறுமலுக்கு நகர்ந்தார். 1997ஆம் ஆண்டின் 'டெமானிக்' தொகுப்பில் ஏறத்தாழ முழுவதும் அந்த உறுமல்தான். இழந்தவற்றைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் உழைத்துக்கொண்டே இருப்பவரின் குரலாக அது நமக்குக் கேட்கும்.

*

2001இல் சக் பில்லிக்குப் புற்றுநோய் என்று கண்டறிந்தார்கள். கட்டி இருந்த இடம் நெஞ்சு, இதயத்துக்கு அருகில். தொல்காப்பியர் சொன்ன மூன்று இடங்களில் ஒன்று. வேதிமருந்துச் சிகிச்சை தொடங்கியது.

அமெரிக்காவில் மருத்துவச் செலவு ஒரு குடும்பத்தைக் கவிழ்த்துவிடும் என்பது நாம் அறிந்ததே. நண்பர்கள் ஒரு நிதிக் கச்சேரி நடத்தத் தீர்மானித்தனர். அதே வேளையில் ஃபுளோரிடாவைச் சேர்ந்த 'டெத்' குழுவின் தலைவர் சக் ஷுல்டினர் மூளைக் கட்டியோடு போராடிக்கொண்டிருந்தார். இருவருக்குமாக 2001 ஆகஸ்ட் 11 அன்று சான் பிரான்சிஸ்கோவின் மாரிடைம் அரங்கில் 'த்ராஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்' என்ற பெயரில் அந்நிகழ்ச்சி நடந்தது.

அந்த மேடையில் ஏறியவர்களின் பட்டியல்தான் நம்மை நிறுத்திவைத்தது. டெத் ஏஞ்சல் வந்தது. ஃபிலிப்பைன்ஸ் வழிவந்த உறவுப் பையன்கள் சேர்ந்து தொடங்கிய குழு அது. 1990இல் ஒரு பேருந்து விபத்தில் டிரம்ஸ் கலைஞர் படுகாயமுற்றபின் சிதறியது. அதன் பின் பத்தாண்டுகள் அந்தப் பெயரில் யாரும் மேடையேறவில்லை. ஹீத்தன் வந்தது. வயலன்ஸ் வந்தது. ஃபர்பிடன் தன் பழைய பெயரோடு வந்தது. எக்ஸோடஸ் 1997இல் ஒருமுறை கூடிக் கலைந்திருந்தது. அது மீண்டும் பேலாஃபோடு வந்தது. டெஸ்டமென்டின் ஆதி வடிவமான லெகசி, சௌசாவின் குரலோடும் ஸ்கோல்னிக்கின் கிதாரோடும் வந்தது.

பணத்துக்காகவோ புகழுக்காகவோ கூடாத குழுக்கள் இவை. அன்று அந்த இசைக்குப் பணமுமில்லை, புகழுமில்லை. மனக்கசப்பாலும் களைப்பாலும் பிரிந்தவர்கள். ஒருவர் செத்துவிடக் கூடும் என்ற செய்தி, அதுவரை பெரிதாகத் தெரிந்த கணக்குகளைச் சிறிதாக்கிவிட்டது. பின்னாட்களில் வந்த விரிகுடாப் பகுதி மறுமலர்ச்சி முழுவதற்கும் இந்த ஒரு மாலைதான் விதை. டெத் ஏஞ்சல் 14 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2004இல் 'தி ஆர்ட் ஆஃப் டையிங்' தொகுப்பைத் தந்தது. அதே ஆண்டில் எக்ஸோடஸ் 'டெம்போ ஆஃப் தி டாம்ட்' தந்தது.

ஆனால் அந்த எக்ஸோடஸ் தொகுப்பில் பேலாஃபின் குரல் இல்லை. கச்சேரி நடந்த ஆறாம் மாதம், 2002 பிப்ரவரியில், பக்கவாதத்தால் அவர் இறந்துபோனார். வயது 41. ஷுல்டினர் அதற்கு முன்பே, 2001 டிசம்பரில், போய்விட்டார். யாருக்காக அஞ்சிக் கூடினார்களோ அவர்களில் ஒருவர் பிழைத்தார், ஒருவர் இறந்தார். யாரைப் பற்றி அஞ்சவே இல்லையோ அவரும் இறந்தார். பேலாஃபின் இடத்தில் மீண்டும் சௌசாவே பாடினார். மீட்சிகள் என்று நாம் கொண்டாடும் எதற்கும் அடியில் இப்படியொரு வெற்றிடம் இருக்கிறது. திரும்பி வரும் தேதிவரை எல்லோரும் காத்திருப்பதில்லை.

பில்லி சிகிச்சை முடிந்து பிழைத்தெழுந்தார்.

*

2001இலேயே 'ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் ஸ்டில் டெட்லி' என்றொரு தொகுப்பு வந்தது. முதலிரு தொகுப்புகளின் பாடல்களைப் புதிய ஒலிப்பதிவு வசதியோடு மீண்டும் வாசித்துப் பதிந்தது. ஸ்கோல்னிக்கும் வாசித்தார். குறையொன்றும் சொல்வதற்கில்லை. ஆயினும் அது பழைய வீட்டுக்கு வெள்ளையடித்த கதைதான். 2005இல் பழைய ஐவரும் சேர்ந்து ஐரோப்பாவில் கச்சேரிகள் செய்தனர். லண்டனில் பதிவான ஒன்று குறுந்தகடாகவும் வந்தது. பழைய பாடல்கள், பழைய முகங்கள், மகிழ்ந்த கூட்டம். அத்தோடு நிறுத்தியிருந்தால் நினைவு விழா ஒன்று நடந்தது என்று வரலாறு ஒரு வரியில் முடித்திருக்கும்.

2008 ஏப்ரலில் 'தி ஃபார்மேஷன் ஆஃப் டாம்னேஷன்' வந்தது. 1999க்குப் பிறகு முதன்முதலாகப் புதிய பாடல்கள். ஸ்கோல்னிக் இருக்கும் புதிய தொகுப்பு என்று பார்த்தால் இடைவெளி 16 ஆண்டுகள். பேஸில் கிரெக் கிறிஸ்டியன். டிரம்ஸில் ஃபர்பிடன், ஸ்லேயர் ஆகிய குழுக்களில் வாசித்துத் தழும்பேறிய பால் போஸ்டாஃப். ஒலிக்கலவை ஆண்டி ஸ்னீப். 11 பாடல்கள். முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல்.

பேச்சற்ற அந்த மூன்றாம் நாள் மாலையில் இதை இரண்டு முறை முழுமையாகக் கேட்டோம். 2008இல் கேட்டபோது கவனியாதவை காதில் விழுந்தன.

சிறியதோர் இசைமுன்னுரைக்குப் பிறகு 'மோர் தன் மீட்ஸ் தி ஐ' தொடங்குகிறது. சொல்லில்லாத ஓர் இழுவை, கூட்டமாக நின்று பாடுவதற்கென்றே அமைந்தது. பிறகு பில்லி நுழைகிறார். அவர் இதில் உறுமுகிறார், பாடவும் செய்கிறார். 1990இன் பாடுகுரலும் 1997இன் உறுமலும் ஒரே பாட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. தலைப்புப் பாடலில் உறுமல் ஓங்குகிறது, வேறிடங்களில் இன்னிசை ஓங்குகிறது. இளமையில் இருந்த குரலை அவர் திரும்பப் பெறவில்லை. குழு சிதறிய ஆண்டுகளில் கற்ற குரலைத் தூக்கி எறியவும் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டார். நோய்க்கு முன்பிருந்த நிலையை அப்படியே மீட்டுத் தருவதே சிகிச்சையின் வெற்றி என்று நாம் எண்ணியிருந்தோம். அப்படியொரு நிலை எவருக்கும் மீள்வதில்லை என்பதையும், மீளாமலே ஒருவர் நன்றாகப் பாட முடியும் என்பதையும் அந்தக் குரல் சொல்லிற்று.

ஸ்கோல்னிக்கின் கதையும் அதுவே. விலகிய ஆண்டுகளில் அவர் வேறு குழுக்களில் வாசித்தார். அது போதாமல், நியூயார்க் சென்று நியூ ஸ்கூலில் ஜாஸ் இசையை முறையாகப் பயின்று பட்டம் பெற்றார். பதின்பருவத்திலேயே வேகத்துக்குப் பெயர் பெற்றவர், முப்பதை ஒட்டிய வயதில் மாணவராக உட்கார்ந்திருக்கிறார். 2002இல் தமது மூவர் குழுவோடு பழைய ராக் பாடல்களை ஜாஸ் வடிவில் வாசித்து ஒரு தொகுப்பும் வெளியிட்டார். அந்த மனிதர் திரும்பி வந்து வாசிக்கும் தனி ஆவர்த்தனங்களைக் கேட்டால், வேகம் குறையாமலே ஒரு நிதானம் வந்திருப்பது தெரியும். எல்லா இடத்தையும் நிரப்ப அவர் துடிப்பதில்லை. ஒரு சொற்றொடரைச் சொல்லி, விட்டு, அதற்கு மறுமொழி சொல்கிறார். பீட்டர்சனின் வலக்கை இடைவிடாமல் அடித்துக்கொண்டிருக்கும் கருங்கல் தளத்தின் மேல் இது நடக்கிறது. இருந்தவரும் போய்த் திரும்பியவரும் பேசிக்கொள்வது போன்றது அது. போகாமலேயே இருந்திருந்தால் ஸ்கோல்னிக் இப்படி வாசித்திருக்க மாட்டார். அவர் போன பின்னும் பீட்டர்சன் கடையைக் கட்டாமல் இருந்திராவிட்டால் திரும்பி வர இடமே இருந்திராது.

குறைகளும் உண்டு. பாடல் வரிகளில் கவிதை தேடுபவர் ஏமாறுவர். போர், பழி, அச்சம் என்று இவ்வகை இசையின் வழக்கமான பொருள்களே பெரும்பாலும். 'ஹென்ச்மென் ரைட்' மோட்டார் சைக்கிள் கூட்டத்தைப் பற்றிய பாடல். அதைக் கேட்டு நம் வயதில் இருப்பவர் புன்னகைக்கத்தான் முடியும். ஒலிப்பதிவின் துப்புரவில், 1987ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருந்த புழுதி காணாமல் போயிருக்கிறது. என்றாலும் இளமையை நடித்துக் காட்டும் இழிவு இதில் எங்கும் இல்லை. திரும்பி வரும் கலைஞர்களில் பெரும்பாலோர் இடறி விழும் குழி அதுதான்.

*

ஐந்தாம் நாள் மாலை வாசலில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் நம் துறைப் பேராசிரியர் ஒருவர். அவரோடு பேசி அப்போது ஏழாண்டுகள் ஆகியிருந்தன.

காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. துறையில் நடந்த கருத்தரங்கின் கட்டுரைத் தொகுப்புக்கு நாம் பதிப்பாசிரியர். அவர் தந்த கட்டுரை காலம் தாழ்ந்து வந்தது, சரியாகவும் இல்லை. அதை நீக்கினோம். நீக்கியதை அவரிடம் சொல்லவில்லை. வெளியீட்டு விழாவில் நூலைப் புரட்டித்தான் அவர் தெரிந்துகொண்டார். மறுநாள் ஆசிரியர் அறையில், எல்லோரும் கேட்க, ஒரு கடுஞ்சொல் சொன்னார். அதற்கு நாமும் ஒன்று சொன்னோம். அன்றிலிருந்து ஒரே அறையில் நாலடி இடைவெளியில் இரு மேசைகள். வருகைப் பதிவேட்டைக்கூட உதவியாளர் வழியாகவே மாற்றிக்கொள்வோம். துறைக்குள் அவர் பக்கம் சிலர், நம் பக்கம் சிலர் என்று ஆயிற்று.

உள்ளே வந்து அமர்ந்தார். துணைவியார் காபி கொண்டுவந்தார். சிறிது நேரம் மூவரும் சுவரைப் பார்த்தோம்.

"ஒண்ணுமில்லங்கய்யா. மூணாமாண்டுப் பிள்ளைங்களுக்குச் சிலம்பு எதுல நிறுத்தியிருக்கீங்கன்னு கேக்க வந்தேன்" என்றார்.

குறிப்பேட்டை எடுத்து அடைக்கலக் காதை என்று எழுதிக் காட்டினோம். பார்த்துவிட்டு, "சரி. நாளையிலருந்து கொலைக்களக் காதைய நான் எடுக்கறேன். நீங்க திரும்பி வர்ற வரைக்கும் உங்க மணி எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க" என்றார்.

நோயைப் பற்றி அவர் கேட்கவில்லை. பரிசோதனை முடிவைப் பற்றியும் கேட்கவில்லை. எல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார் என்பது முகத்தில் இருந்தது. குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பி எழுதினோம். கட்டுரையை நீக்கியது நம் முடிவு, அதைச் சொல்லாமல் விட்டது நம் பிழை, ஏழாண்டுகளாகச் சொல்லாமல் இருப்பது அதனினும் பெரிய பிழை என்று மூன்று வரிகள். பேச முடிந்திருந்தால் இவ்வளவு நேராக வந்திருக்காது. காரணங்களை அடுக்கியிருப்போம். எழுதுகிறவனுக்கு இடம் குறைவாக இருந்ததால் சுருங்கச் சொல்ல நேர்ந்தது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "அது அப்பவே தெரியுங்கய்யா" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தக் கட்டுரையும் அப்படியொண்ணும் நல்லா இல்ல" என்றார்.

சிரிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தாரா என்பது நினைவில்லை. ஒலி வராமல் சிரித்தோம். கண்ணில்தான் நீர் வந்தது.

நமக்கு நேர்ந்ததையும் பில்லிக்கு நேர்ந்ததையும் ஒரே தட்டில் வைக்கும் மடமை நமக்கில்லை. அவர் சாவின் வாசலைத் தொட்டவர். எட்டாம் நாள் வந்த நம் முடிவில் அஞ்சத்தக்கது எதுவும் இல்லை. ஆனால் அந்த 2001 ஆகஸ்ட் மாலையில் பழைய தோழர்கள் ஒரே அரங்கின் பின்கட்டில் சந்தித்தபோது முதலில் என்ன பேசியிருப்பார்கள் என்று அன்றிரவு நினைத்துப் பார்த்தோம். பழைய வழக்குகளை எடுத்து ஆராய்ந்திருக்க மாட்டார்கள் என்றே தோன்றியது. எந்தப் பாட்டை முதலில் வாசிப்பது என்றுதான் கேட்டிருப்பார்கள். சிலம்பு எதில் நிற்கிறது என்று நம்மவர் கேட்டது போல.

*

கதை அத்தோடு இனிதாக முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டெஸ்டமென்டின் அந்த ஐவர் கூட்டணி நிலைக்கவில்லை. போஸ்டாஃப் அந்த ஒரு தொகுப்போடு சரி. 2012இல் வந்த 'டார்க் ரூட்ஸ் ஆஃப் எர்த்' தொகுப்பில் டிரம்ஸ் வாசித்தவர் ஜீன் ஹோக்லன். கிரெக் கிறிஸ்டியன் 2014இல் மீண்டும் விலகினார். ஆயினும் பில்லி, பீட்டர்சன், ஸ்கோல்னிக் மூவரும் விடாமல் 2016இலும் 2020இலும் புதிய தொகுப்புகள் தந்தனர். 2020 தொடக்கத்தில் டெஸ்டமென்டும் எக்ஸோடஸும் டெத் ஏஞ்சலும் ஒன்றாகவே ஐரோப்பாவைச் சுற்றின. ஊர் திரும்பியதும் பில்லிக்குக் கொரோனா. டெத் ஏஞ்சலின் டிரம்ஸ் கலைஞர் வில் கேரல் பல நாட்கள் நினைவிழந்து தீவிர சிகிச்சையில் கிடந்து மீண்டார். ஒருமுறை பிழைத்தவருக்கு இனி ஒன்றும் வராது என்ற உறுதிமொழியை எவரும் எழுதித் தருவதில்லை. இருக்கும் நாளில் வேலை செய்யலாம், அவ்வளவே.

நாம் பதினைந்தாம் நாள் முதற்சொல்லைப் பேசினோம். துணைவியாரின் பெயர் அது. பெயரைச் சொல்லி அழைத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்ததால் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. குரல் முன்பைவிட ஒரு படி தாழ்ந்திருக்கிறது. உச்சத்துக்குப் போனால் உடைகிறது. குரல்பயிற்சியாளர் சொல்லித் தந்தபடி இப்போது மெதுவாகப் பேசுகிறோம், இடையிடையே நிறுத்துகிறோம், கத்துவதில்லை. கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையென்றால் நாம் அங்கே நடந்து போய்விடுகிறோம். முன்பைவிடப் பிள்ளைகள் அமைதியாகக் கேட்கிறார்கள் என்பது வியப்பு. நிறுத்தும் இடத்தில்தான் அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள் என்பதை இருபதாண்டுகளாகக் கவனிக்காமல் இருந்திருக்கிறோம்.

வல்லுரைக் காதையிலிருந்து பாடத்தை மீண்டும் எடுத்துக்கொள்ளும்படி பேராசிரியர் சொன்னார். வழக்குரை காதைக்குத்தான் அப்படியொரு பெயர் வைத்திருந்தார். வேண்டாம், அதையும் நீங்களே எடுங்கள், கேட்க வேண்டும் என்றோம். கடைசி வரிசையில் மாணவரோடு அமர்ந்து கேட்டோம். நாம் நடத்துவதைப் போல இல்லை. நாம் பாண்டியனிடமிருந்து தொடங்குவோம். அவர் வாயிற்காவலனிடமிருந்து தொடங்கினார். மணி அடித்த பிறகும் யாரும் எழவில்லை.

அவர் பணி ஓய்வு பெற இன்னும் சில பருவங்களே உள்ளன. இருவரும் சேர்ந்து ஒரு சிறு நூல் எழுதிக்கொண்டிருக்கிறோம். பொருள் வண்ணங்கள். பழைய கருத்தரங்கக் கட்டுரையைத் திருத்தி அதில் சேர்க்கலாமா என்று ஒருநாள் கேட்டோம். வேண்டாம், புதிதாகவே எழுதுவோம் என்றார்.

முடுகு வண்ணம் பற்றிய இயல் நம் பங்கு. எடுத்துக்காட்டுக்கு எதைச் சொல்வது என்று நாம் முடிவு செய்துவிட்டோம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இம்முறை நூல் அச்சுக்குப் போகும் முன்னரே சொல்லிவிடுவோம்.